பத்திலிருந்து பதினொன்றுக்கு: உதவிப் பேராசிரியரின் முதல் பணி மேம்பாட்டுக்கு ஒரு வழிகாட்டி

2022 ஜூனில் எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய பணி மேம்பாடு, அதாவது ஊதிய நிலை 10இலிருந்து 11க்கான உயர்வு, 2023 ஜனவரித் தேதியிட்டு, 2024 கடைசியில்தான் கைக்கு வந்தது. பாடம் நடத்தியதில் குறை என்று யாரும் சொல்லவில்லை. கோப்பு மூன்று முறை திரும்பியது. முதல் முறை சான்றிதழில் இருந்த தேதி, இரண்டாம் முறை என் இனிஷியல், மூன்றாம் முறை ஒரு கையெழுத்து. மூன்றையுமே வேலையில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே சரிசெய்திருக்கலாம். அப்போது யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்தக் கட்டுரை தமிழ்நாட்டில் அரசு உதவிபெறும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உதவிப் பேராசிரியர்களுக்கு. பல்கலைக்கழகத் துறைகளில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். வேறுபடும் இடத்தில் சொல்கிறேன். அடிப்படை, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைகள். தமிழ்நாட்டில் அவற்றை நடைமுறைப்படுத்தியது உயர்கல்வித் துறையின் அரசாணை எண் 5, நாள் 11.01.2021. இரண்டையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் "அப்படி விதி இல்லையே" என்று யாராவது சொன்னால், வாதாடுவதைவிடப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவது எளிது.

2025 ஜனவரியில் மானியக் குழு ஒரு புதிய வரைவை வெளியிட்டது. அதை எதிர்த்துத் தமிழ்நாடு சட்டப்பேரவையில் தீர்மானமும் நிறைவேறியது. வரைவைப் படித்துப் பதற வேண்டாம். விண்ணப்பிக்கும் நாளில் எது அமலில் இருக்கிறதோ, அதுதான் கணக்கு.

1. உங்கள் தேதியைக் கண்டுபிடியுங்கள்

உதவிப் பேராசிரியர் பதவியில் மூன்று ஊதிய நிலைகள் உண்டு: 10, 11, 12. சேரும்போது நிலை 10, தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். நிலை 11 தொடங்குவது 68,900 ரூபாயில். பத்திலிருந்து பதினொன்றுக்குப் போக முனைவர் பட்டம் இருந்தால் 4 ஆண்டு, எம்.ஃபில். இருந்தால் 5 ஆண்டு, இரண்டும் இல்லையென்றால் 6 ஆண்டு பணி முடித்திருக்க வேண்டும்.

பணியில் சேர்ந்த தேதியோடு இந்த ஆண்டுகளைக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தேதியைப் பெரிய எழுத்தில் ஒரு கோப்பின் அட்டையில் எழுதுங்கள். இனி எல்லாம் அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கித்தான்.

இங்கே இரண்டு இடங்களில் சறுக்குவார்கள். ஒன்று, பழைய பணிக்காலம். கௌரவ விரிவுரையாளராக எத்தனை ஆண்டு உழைத்திருந்தாலும் இந்தக் கணக்கில் வராது. 2018 விதிகள் அதைத் தெளிவாகவே விலக்குகின்றன. தற்காலிக, ஒப்பந்தப் பணிக்காலம் சேர வேண்டுமானால், உரிய தேர்வுக்குழு வழியாக நியமனம் பெற்றிருக்க வேண்டும். நிரந்தர ஆசிரியருக்குக் குறையாத ஊதியமும் வாங்கியிருக்க வேண்டும். நம்மில் எத்தனை பேருக்கு அது பொருந்தும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு, பணியில் இருக்கும்போது முனைவர் பட்டம் பெறுபவர்கள். பட்டமளிப்பு விழாவுக்காகக் காத்திருக்காமல், பட்டம் வழங்கியதற்கான பல்கலைக்கழக அறிவிக்கையை வாங்கிய வாரமே முதல்வர் வழியாகப் பணிப்பதிவேட்டில் பதியச் செய்யுங்கள். பதிவேட்டில் ஏறாத பட்டம் அலுவலகத்தைப் பொறுத்தவரை இல்லாத பட்டம்.

2. ஓரியன்டேஷனைத் தள்ளிப் போடாதீர்கள்

நான் விழுந்த குழி இதுதான்.

21 நாள் ஓரியன்டேஷன் பயிற்சி கட்டாயம். இப்போது பல மையங்களில் குருதக்ஷதா, அதாவது புதிய ஆசிரியர் அறிமுகப் பயிற்சி என்ற பெயரில் நடக்கிறது. நடத்துபவை மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள். மனிதவள மேம்பாட்டு மையம் என்றும் அதற்கு முன் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ் என்றும் இருந்தவைதான் 2023இல் பெயர் மாறின. மூத்த பேராசிரியர்கள் இன்னும் பழைய பெயரில்தான் சொல்வார்கள், குழம்ப வேண்டாம். சென்னை, பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களில் மையங்கள் இருக்கின்றன. இணையவழியிலும் நடப்பதால் வெளிமாநில மையங்களுக்கும் விண்ணப்பிக்கலாம்.

"நான்கு ஆண்டு இருக்கிறதே" என்று நான் இருந்துவிட்டேன். மூன்றாம் ஆண்டு முடிவில் விண்ணப்பித்தபோது இடம் நிரம்பிவிட்டது. அடுத்த முறை இடம் கிடைத்தது, கல்லூரி விடுவிக்கவில்லை. பருவத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. கடைசியில் பயிற்சி முடிந்தது 2023 ஜனவரி 20. எனக்குப் பணி மேம்பாடு வர வேண்டியதோ 2022 ஜூன் 18. தகுதி எல்லாம் நிறைவடைந்த தேதியிலிருந்துதான் பணி மேம்பாடு என்பது விதி. ஆக ஏழு மாதம் போயிற்று.

ஆகவே தகுதிகாண் பருவம் முடிந்த கையோடு விண்ணப்பியுங்கள். மையங்கள் ஆண்டுக்கான நாட்காட்டியைத் தளத்தில் போடுவார்கள். மே, டிசம்பர் விடுமுறைகளை ஒட்டி வரும் பயிற்சிகளுக்குத்தான் போட்டி அதிகம். ஆனால் கல்லூரி விடுவிப்பதும் அப்போதுதான் எளிது. கட்டணம் பெரிய தொகையல்ல. நேரில் போவதானால் தங்கும் செலவையும் பயணச் செலவையும் கையிலிருந்து போட வேண்டியிருக்கும்.

மறக்கக் கூடாத காகிதங்கள் மூன்று: முதல்வரின் விடுவிப்பு ஆணை, பயிற்சிக் காலத்தைப் பணிக்காலமாகக் கருதும் ஆணை, திரும்பி வந்து பணியேற்ற கடிதம். சான்றிதழ் மட்டும் போதும் என்று நினைத்தால், "அந்த 21 நாள் எங்கே இருந்தீர்கள்?" என்று இரண்டு ஆண்டு கழித்துத் தணிக்கையில் கேட்பார்கள்.

3. இரண்டாவது பயிற்சி

ஓரியன்டேஷனோடு இன்னும் ஒன்று வேண்டும். ரெஃப்ரெஷர் (புத்தொளிப் பயிற்சி) அல்லது ஆய்வுமுறைப் பயிற்சி ஒன்று. இல்லையென்றால் ஒரு வாரப் பயிலரங்கு, ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி வகையில் இரண்டு. இல்லையென்றால் சான்றிதழோடு முடித்த ஓர் இணையவழிப் பாடம். வீடியோ, பாட உரை, கலந்துரையாடல், மதிப்பீடு என்ற நான்கு கூறுகளும் அடங்கிய மின்பாடம் உருவாக்கினாலும் ஏற்பார்கள். அதற்குள் ரெஃப்ரெஷரே போய்வந்துவிடலாம்.

எளிய வழி மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் ஒரு பாடம். சேர்வது இலவசம், தேர்வுக்குத்தான் பணம். அங்கே ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடத்துக்கு நான் கட்டியது 1,000 ரூபாய். தேர்வு எழுதித் தேறிய சான்றிதழ்தான் செல்லும்; வீடியோ எல்லாவற்றையும் பார்த்தேன் என்பது செல்லாது. தேர்வுக்குப் பதியும் கடைசி நாள் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே முடிந்துவிடும், கவனம்.

ஒரு வாரம் என்றால் குறைந்தது 5 நாள். மூன்று நாள் பயிற்சிகள் இரண்டைச் சேர்த்து ஆறு நாள் ஆயிற்றே என்று கணக்குக் காட்டிய நண்பர் ஒருவரை எனக்குத் தெரியும். ஏற்கவில்லை. கொரோனா ஊரடங்கில் ஐந்து கேள்விக்கு விடை சொன்னால் மின்னஞ்சலில் வந்து குவிந்த சான்றிதழ்கள் நினைவிருக்கிறதா? என்னிடம் நாற்பதுக்கு மேல் இருந்தன. ஒன்றுகூட உதவவில்லை.

4. ஆண்டு மதிப்பீடு: அந்தந்த ஆண்டே முடித்துவிடுங்கள்

பழைய விதியில் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். 2018 விதியில் அது எளிதாகிவிட்டது. இரண்டே இனங்கள்.

முதல் இனம் கற்பித்தல். உங்களுக்கு ஒதுக்கிய வகுப்புகளில் எத்தனை எடுத்தீர்கள் என்ற விழுக்காடு. 80 அல்லது அதற்கு மேல் என்றால் 'நன்று', 70 முதல் 80க்குள் 'திருப்தி', அதற்குக் கீழே 'திருப்தியில்லை'. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல், ஆண்டுக்கு 30 வாரம் என்று வைத்தால் 480 மணி. அதில் 384 மணி எடுத்திருந்தால் 'நன்று'. இதைக் காட்ட வேண்டியது முதல்வர் கையெழுத்திட்ட கால அட்டவணையும் வகுப்பு வருகைப் பதிவேடும். கால அட்டவணை பருவ நடுவில் மாறியிருந்தால் இரண்டு பிரதியும் வேண்டும். மாறிய அட்டவணையை யாரும் கோப்பில் வைப்பதில்லை, நீங்கள் வையுங்கள்.

இரண்டாம் இனம் மற்றப் பணிகள். துறைத் தலைவர், விடுதிக் காப்பாளர் போன்ற நிர்வாகப் பொறுப்பு, தேர்வுப் பணி, விடைத்தாள் திருத்தம், என்.எஸ்.எஸ்., என்.சி.சி., மாணவர் மன்றங்கள், களப்பயணம், கருத்தரங்கு நடத்துதல், முனைவர் பட்ட மாணவருக்கு வழிகாட்டுதல், ஆய்வுத் திட்டம், ஆய்வுக் கட்டுரை. ஓர் ஆண்டில் இவற்றில் மூன்று செய்திருந்தால் 'நன்று'. ஒன்று அல்லது இரண்டு செய்திருந்தால் 'திருப்தி'.

தேர்வுப் பணி எல்லோருக்கும் உண்டு. ஆனால் அழைப்பாணையை யார் வைத்திருக்கிறார்கள்? விடைத்தாள் திருத்தும் மையத்தில் வருகைச் சான்று தருவார்கள். படிக்காசு வாங்கியதும் அதைப் பையில் மடித்துப் போட்டு, துணியோடு துவைத்துவிடுவோம். அன்று இரவே கைபேசியில் படமெடுத்து ஆண்டுவாரியாகச் சேமியுங்கள். கருத்தரங்கு நடத்தினால் அழைப்பிதழில் உங்கள் பெயரும் பொறுப்பும் அச்சாகியிருக்கிறதா என்று அச்சுக்குப் போகும் முன்பே பாருங்கள். ஓடியாடி வேலை செய்தவர் ஒருவர், அழைப்பிதழில் பெயர் வந்தவர் வேறொருவர் என்பது நம் கல்லூரிகளில் புதிதல்ல.

நான்காண்டு கணக்கில் மூன்று ஆண்டுகளிலாவது 'திருப்தி' அல்லது 'நன்று' இருக்க வேண்டும். ஐந்தில் நான்கு, ஆறில் ஐந்து. ஆக ஓர் ஆண்டு சறுக்கினாலும் பிழைக்கலாம்.

விடுப்பு எடுத்தவர்கள் கவனிக்க வேண்டிய குறிப்பு ஒன்று, 2018 விதிமுறைகளில் இந்த மதிப்பீட்டைச் சொல்லும் அட்டவணையின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கிறது. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு, மருத்துவம், கல்வி விடுப்புகளை முன் அனுமதியோடு எடுத்திருந்தால், அந்தக் காலத்தைக் கழித்துவிட்டு மிச்சமிருக்கும் காலத்தை வைத்தே விழுக்காடு போட வேண்டும். என் சக ஆசிரியை ஒருவருக்கு மகப்பேறு விடுப்பு எடுத்த ஆண்டில் முழு ஆண்டு வகுப்புகளால் வகுத்து 'திருப்தியில்லை' என்று எழுதிவிட்டார்கள். அவர் அந்தக் குறிப்பில் பென்சிலால் கோடிட்டு எடுத்துக்கொண்டு போனார். பத்து நிமிடத்தில் மாற்றினார்கள்.

ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தை ஒவ்வொரு கல்வியாண்டு முடிவிலும் நிரப்பி, துறைத் தலைவர், அகத்தர உறுதி மைய ஒருங்கிணைப்பாளர், முதல்வர் ஆகிய மூவரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நான்கு ஆண்டுப் படிவத்தையும் ஒரே நாளில் எழுதி வாங்கினேன் நான். இடையில் ஒரு துறைத் தலைவர் ஓய்வு பெற்றிருந்தார். அவர் காலத்து ஆண்டுக்குப் புதியவர் போட்ட கையெழுத்து செல்லாது என்று கோப்பு திரும்பியது. ஓய்வுபெற்றவர் மகள் வீட்டில், வெளியூரில். பஸ் ஏறிப் போய், அவர் காலத்து ஆவணங்களை எடுத்துக் காட்டி, ஒரு சான்றுக் கடிதம் எழுதி வாங்கிவர இரண்டு நாளும் தூக்கமும் போயின. காபி கொடுத்து அனுப்பினார், பாவம்.

5. கட்டுரை வேண்டுமா?

கல்லூரி ஆசிரியருக்கு இந்த முதல் படியில் ஆய்வுக் கட்டுரை கட்டாயமில்லை. இரண்டாம் இனத்தில் ஒன்றாக எண்ணிக்கொள்ளலாம். பல்கலைக்கழகத் துறையில் இருப்பவருக்கு ஒரு கட்டுரையாவது வேண்டும்.

எங்கே வெளியிடுவது என்பதில்தான் சிக்கல். மானியக் குழு ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலிலிருந்து 2018 மே மாதத்தில் 4,305 இதழ்கள் ஒரே நாளில் நீக்கப்பட்டன. பிறகு வந்த யுஜிசி கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. கட்டுரை வெளியான நாளில் இதழ் பட்டியலில் இருந்தது என்பதற்குத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். "இரண்டு நாளில் வெளியிடுகிறோம், 1,500 ரூபாய்" என்று வாட்ஸ்அப்பில் வரும் அழைப்புகளைத் தொடாதீர்கள். உங்கள் கோப்பைப் பார்க்கும் குழுவில் உட்காரும் நிபுணர் உங்கள் பாடத்துக்காரர். அந்த இதழின் பெயரைப் பார்த்ததுமே புரிந்துகொள்வார்.

6. பெயர், இனிஷியல்

பத்தாம் வகுப்புச் சான்றில் இனிஷியல் முன்னால் ஓரெழுத்து. முனைவர் பட்டத்தில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். ஸ்வயம் சான்றிதழில் இனிஷியலே இல்லை. ஓரியன்டேஷன் சான்றில் அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் சேர்த்து இரண்டு இனிஷியல். நான்கும் நானேதான். இதை நிறுவ எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. பயிற்சி மையம் திருத்திய சான்றிதழை அனுப்ப மட்டும் மூன்று மாதம்.

பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் பெயர் எப்படி இருக்கிறதோ, ஒரு புள்ளி மாறாமல் அப்படியே எல்லாப் பதிவிலும் கொடுங்கள். ஆதாரில் உள்ள பெயரைத் தானாக எடுத்துக்கொள்ளும் தளங்கள் உண்டு. அங்கே வேறாக இருந்தால் முதலில் ஆதாரைத் திருத்துங்கள்.

7. கோப்பு கட்டுதல்

வரிசை இப்படி இருந்தால் சரிபார்ப்பவர் கோபப்பட மாட்டார்: விண்ணப்பப் படிவம், நியமன ஆணை, பணியேற்புக் கடிதம், பல்கலைக்கழகம் வழங்கிய தகுதி ஏற்பு ஆணை, தகுதிகாண் பருவம் முடித்த ஆணை, பட்டச் சான்றுகளும் அவற்றின் உண்மைத்தன்மைச் சான்றுகளும், பயிற்சிச் சான்றிதழ்கள், விடுவிப்பு ஆணைகளோடு, ஆண்டு மதிப்பீட்டுப் படிவங்கள், ஆண்டுவாரியாக ஆதாரங்களோடு, ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்ற முதல்வர் சான்று, பணிப்பதிவேட்டின் உரிய பக்கங்கள்.

இதில் நேரம் தின்பது உண்மைத்தன்மைச் சான்று. பட்டம் தந்த ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரி வழியாகக் கடிதம் போய், கட்டணம் கட்டி, பதில் வர மாதக்கணக்கில் ஆகும். இளநிலை ஓரிடம், முதுநிலை வேறிடம், முனைவர் பட்டம் வெளிமாநிலம் என்றால் கேட்கவே வேண்டாம். சேர்ந்த முதல் ஆண்டிலேயே அனுப்பிவிடுங்கள்.

பக்க எண் போடுங்கள். ஆறு பிரதி எடுக்கச் சொன்னார்கள்; 180 பக்கம். ஸ்பைரல் கட்டையும் சேர்த்து எனக்கு ஏறத்தாழ 1,500 ரூபாய் ஆனது. திரும்பி வந்த ஒவ்வொரு முறையும் பக்க எண் மாறியதால் மறுபடி ஆறு பிரதி.

8. விண்ணப்பிக்கும் நாள்

தகுதித் தேதிக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் வந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் நிறுவனம் நடைமுறையை முடிக்க வேண்டும் என்பது விதி. விதி இருக்கிறது; நடப்பது வேறு. ஆனாலும் நீங்கள் உரிய நாளில் கொடுத்திருந்தால், குழு எத்தனை மாதம் கழித்துக் கூடினாலும் பணி மேம்பாடு தகுதித் தேதியிலிருந்தே வரும். அதற்கு ஆதாரம் அலுவலக முத்திரையும் தேதியும் உள்ள பெறுகைப் பிரதி. "வைத்துவிட்டுப் போங்கள் சார், பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் சிரித்துக்கொண்டே நின்று முத்திரை வாங்கிவிடுங்கள்.

9. குழு கூடும் நாள்

கல்லூரியில் பணி மேம்பாட்டுக் கோப்பைச் சரிபார்க்கும் குழுவில் முதல்வர், துறைத் தலைவர், துணைவேந்தர் நியமிக்கும் பாட நிபுணர்கள் இருவர் இருப்பார்கள். தாமதம் பெரும்பாலும் நிபுணர்களின் பெயர் பல்கலைக்கழகத்திலிருந்து வருவதில்தான். கல்லூரி எழுதிய கடிதத்தின் எண்ணையும் தேதியையும் வாங்கி வைத்துக்கொண்டு வாரம் ஒரு முறை மரியாதையாக விசாரியுங்கள்.

இந்தப் படியில் இது ஆவணச் சரிபார்ப்புத்தான். இணைப் பேராசிரியர் பதவிக்குப் போகும்போதுதான் தேர்வுக்குழு. மூலச் சான்றிதழ்களைக் கோப்பின் பக்க வரிசையிலேயே அடுக்கி எடுத்துப் போங்கள். நிபுணர்களின் பயணப்படி நிறுவனத்தின் செலவு. உங்களிடம் கேட்டால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பேச்சு அத்தோடு நிற்கும்.

ஒருமுறை நிராகரித்துவிட்டால் ஓராண்டு கழித்துத்தான் மறுமதிப்பீடு. அப்போது தேறினால், நிராகரித்த தேதியிலிருந்து ஓராண்டு தள்ளித்தான் பணி மேம்பாடு கணக்காகும். ஆகவே ஏதோ ஒரு சான்று வரவில்லை என்று தெரிந்தே குழுவின் முன் போய் உட்காராதீர்கள்.

10. ஆணை வந்த பிறகு

குழு பரிந்துரைத்தால் முடிந்தது என்று இனிப்பு வாங்கிவிடாதீர்கள். கோப்பு மண்டலக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகத்துக்குப் போய், ஒப்புதல் வந்து, ஊதிய நிர்ணயம் நடந்து, பிறகுதான் நிலுவைத் தொகை கைக்கு வரும்.

ஊதிய நிர்ணயத்தை நீங்களே போட்டுப் பாருங்கள். 57,700இல் சேர்ந்து நான்கு ஊதிய உயர்வு பெற்றவரின் அடிப்படை ஊதியம் 64,900. பழைய நிலையிலேயே ஓர் உயர்வு கூட்டினால் 66,800. நிலை 11இன் அட்டவணையில் அதற்குச் சமமான அல்லது அடுத்த மேல் தொகை 68,900. ஆக மாதம் 4,000 ரூபாய் கூடுகிறது, அகவிலைப்படி தனி. நான் இழந்த ஏழு மாதத்துக்கு அடிப்படை ஊதியத்தில் மட்டும் 28,000. நிலுவை மொத்தமாக ஒரே ஆண்டில் வந்தால் வருமான வரி எகிறும். அதற்கு வரிச் சட்டத்தில் நிவாரணம் உண்டு, அதற்கான படிவத்தைக் கணக்குத் தாக்கலுக்கு முன் இணையத்தில் சமர்ப்பிக்க வேண்டும்.

ஆணையின் பதிவு பணிப்பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பாருங்கள். நிலை, அடிப்படை ஊதியம், நடைமுறைத் தேதி, முதல்வர் கையெழுத்து நான்கும் இருக்க வேண்டும். அடுத்த படியான நிலை 12க்கு, பதினொன்றில் 5 ஆண்டு முடிக்க வேண்டும். அது இந்த நடைமுறைத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும், அதற்குப் புதிய பயிற்சிகளும் வேண்டும். அப்படிப் பார்த்தால் என் ஏழு மாதம் இத்தோடு போகவில்லை, அடுத்த படிக்கும் கூடவே வருகிறது. புதுக் கோப்பு ஒன்று வாங்கி, அட்டையில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்: 21.01.2028. ரெஃப்ரெஷருக்கு விண்ணப்பம் போன வாரமே போய்விட்டது.